சம்பாரணில் ஒரு வினைச்சொல்

1917 ஏப்ரல் 16ஆம் நாள். பீகாரின் சம்பாரண் மாவட்டத்தில், யானைமீது ஒரு சிற்றூருக்குச் சென்றுகொண்டிருந்த காந்தியடிகள் பாதி வழியில் திருப்பி அழைக்கப்பட்டார். மாவட்டத்தை விட்டு வெளியேறுமாறு, 144ஆம் பிரிவின் கீழ் மாவட்ட நீதிபதி ஹேகாக் பிறப்பித்த ஆணை அவரிடம் தரப்பட்டது. இருபது கட்டா நிலத்துக்கு மூன்று கட்டாவில் அவுரி பயிரிட்டே தீரவேண்டும் என்னும் 'தீன்கதியா' முறையால் நொந்த குடியானவர்களின் நிலையை நேரில் அறிய வந்தவர் அவர்.

அன்றே அவர் எழுதிய ஆங்கில மறுமொழியில் சொற்கள் எண்ணி வைக்கப்பட்டுள்ளன. கிளர்ச்சியே அவர் நோக்கம் என்ற ஆணையரின் கூற்றை 'ரிப்பூடியேட்' என்ற வன்சொல்லால் அறவே மறுக்கிறார். ஆணையைப் பற்றிப் பேசும்போதோ தொனி தணிகிறது: வெளியேற மறுக்கிறேன் என்பதில்லை, வெளியேற இயலாதவனாக இருக்கிறேன் என்பதே. கீழ்ப்படியாமைக்குரிய தண்டனையை ஏற்பதன் வழியே ஆணைக்கு உட்படுவதாகவும் சேர்க்கிறார். குற்றச்சாட்டை மறுத்தவர் அதிகாரத்தை மறுக்கவில்லை.

ஏப்ரல் 18 அன்று மோத்திஹாரி நீதிமன்றத்தில் அவர் ஆண்ட சொல் 'டிஸ்ரிகார்ட்'. 'டிஃபை' அன்று. பின்னதன் வேர், பற்றுறுதியைக் கைவிடுதல் என்னும் பொருளுடைய பழம் பிரெஞ்சுச் சொல். தலைவனுக்களித்த விசுவாசத்தை முறித்துக்கொள்ளும் அறைகூவல் அது. காந்தியடிகளோ அன்று பேரரசின்மீது நம்பிக்கை இழந்தவரல்லர். 1915இல் பெற்ற கைசர்-இ-ஹிந்து பதக்கத்தை அவர் திருப்பியளித்தது 1920இல்தான்.

'டிஸ்ரிகார்ட்' என்பதிலும் ஓர் இடர் உண்டு. 'ரிகார்ட்' என்றால் நோக்குதல். மதித்தல் என்றும் பொருள். எனவே ஆணையைப் பொருட்படுத்தவில்லை என்பதை மதிக்கவில்லை என்றும் கொள்ளலாம். அவ்வாயிலை அவரே அடைக்கிறார்: சட்டப்படியான அதிகாரத்தின்மீது மதிப்புக் குறைவால் அன்று, அதனினும் உயர்ந்த மனச்சான்றின் விதிக்குக் கீழ்ப்படிந்தே அவ்வாறு செய்ததாகக் கூறுகிறார். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவு அவர்மேல் சுமத்தியது கீழ்ப்படியாமை என்னும் குற்றம். அவர் அதைக் கீழ்ப்படிதலாகவே திருப்பி நிறுத்தினார். குற்றத்தை மறுப்பார், வாதாடலாம் என ஆயத்தமாக வந்த அரசு வழக்கறிஞருக்கு வேலையே இல்லாமற் போயிற்று.

தீர்ப்பு வழங்கப்படுமுன்பே துணைநிலை ஆளுநர் எட்வர்ட் கெய்ட்டின் அரசு வழக்கைத் திரும்பப் பெற்றது. 1918இல் இயற்றப்பட்ட சம்பாரண் வேளாண் சட்டம் தீன்கதியாவை ஒழித்தது.

1930இன் இயக்கத்தை நாம் 'சட்டமறுப்பு' என்கிறோம். ஆங்கிலப் பெயரிலுள்ள கீழ்ப்படியாமை தமிழில் மறுப்பாகிவிட்டது. மோத்திஹாரியில் அவர் ஒதுக்கி வைத்த வினை அதுதான்.