மஞ்சள் முடிச்சு

எங்கள் ஊர்ப்பக்கம் பழைய வண்டிப்பாதைகளில் நடந்தால் சுமைதாங்கி கண்ணில் படும். இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மேல் குறுக்காக ஒரு நீளக் கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். ஏறக்குறைய ஆள் நெஞ்சு உயரம். அந்த உயரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சந்தைக்கு வெல்லமோ நிலக்கடலையோ தலைச்சுமையாகக் கொண்டு போகிறவர் மூட்டையைத் தரையில் இறக்கிவிட்டால், மறுபடி தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும். இந்தக் கல் இருந்தால் முழங்காலை லேசாக மடக்கி, தலையிலிருந்து சுமையை அப்படியே கல்லுக்கு நகர்த்திவிடலாம். மூச்சு வாங்கிக்கொண்டு, யார் கையையும் எதிர்பாராமல் திரும்ப ஏற்றிக்கொண்டு கிளம்பலாம்.

வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக இந்தக் கல்லை நடுவது வழக்கம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளின் மனசு, வழிப்போக்கர் சுமை இறக்கும்போதெல்லாம் ஆறும் என்பது நம்பிக்கை. என் அம்மாயி அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிடாமல் தாண்டமாட்டாள். யாருக்காக நட்டது என்று கேட்டால், "ஆரோ ஒரு புள்ளத்தாச்சி, கண்ணு" என்பாள். பெயர் அவளுக்கும் தெரியாது.

பரமத்தி வேலூர்ப் பக்கம் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவள். அதற்குப் பிறகுதான் பழனிக்கு நடக்க ஆரம்பித்தேன். நடந்து நடந்துதான் ஒன்று புரிந்தது. சேலம், நாமக்கல் சமவெளியில் நெடுந்தூர நடை என்பது ஒருபோதும் நடப்பவரின் சொந்த விவகாரமாக இருந்ததில்லை. நடக்க முடியாதவர்கள், நோயாளிகள், செத்துப்போனவர்கள் எல்லோரும் அதில் பங்குதாரர்கள்.

இந்தப் பகுதியின் மிகப் பழைய நடைகளில் ஒன்று எடப்பாடியிலிருந்து புறப்படுவது. பருவதராஜகுலத்தார் எடுத்துப்போகும் பழனிக் காவடி அது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலான வழக்கம் என்று அவர்கள் சொல்கிறார்கள். தைப்பூசத்துக்கு வந்த பெருங்கூட்டம் கலைந்த பிறகுதான் இவர்கள் பழனி போய்ச் சேர்வார்கள். சண்முகநதியில் குளித்து, காவடிகளோடு மலையேறி, இரவு மலையிலேயே தங்குவார்கள். வேறு பக்தர்களுக்கு இல்லாத உரிமை இது. பஞ்சாமிர்தத்தையும் அவர்களே மலையில் டன் கணக்கில் தயாரிக்கிறார்கள். வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய் எல்லாம் மூட்டை மூட்டையாகப் போகும். ஊரோடு சேர்ந்து நடக்கும் நடை அது. தனி ஆள் யாத்திரை அதில் கிடையாது. திரும்பி வரும்போது வரும் பஞ்சாமிர்தத்தில், வாசலிலேயே உட்கார்ந்திருந்த கிழவிக்கும் பங்கு உண்டு.

எங்கள் பக்கத்து வழி வேறு. பரமத்தி வேலூரில் காவிரியைக் கடந்து, நொய்யல், கொடுமுடி, முத்தூர், வெள்ளக்கோவில், தாராபுரம் என்று போகும். நாமக்கல்லிலிருந்து கணக்குப் போட்டால் 130 கிலோமீட்டர் அளவில் வரும். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தண்ணீர் முகந்து தீர்த்தக்காவடியாகப் பழனிக்குக் கொண்டு போவது கொங்குநாட்டின் பழைய வழக்கம். பாலங்கள் இல்லாத காலத்தில் ஆற்றைப் பரிசலில் தாண்டினார்கள். அரிசியும் பருப்பும் கட்டுச்சோறும் மாட்டுவண்டியில் பின்னால் வரும். வண்டி வராத இடத்தில் ஊர்க்காரர்கள் சோறு போட்டார்கள், மோர் ஊற்றினார்கள். கொங்குநாட்டில் தண்ணீர்ப்பந்தல் என்றே எத்தனை ஊர்கள் இருக்கின்றன என்று பாருங்கள். தருமம் செய்தவர் பெயர் மறைந்துவிட்டது. பந்தல் மட்டும் ஊராகி நிற்கிறது.

நடப்பவருக்குக் கொடுப்பது நடையிலேயே கலந்துகொள்வதுதான். இதை ஆங்கிலேய அரசு நன்றாகவே புரிந்துகொண்டிருந்தது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி நூறு பேர் அளவிலான தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் புறப்பட்டார். சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் காந்தி ஆசிரமம் நடத்திக்கொண்டிருந்தவர், எங்கள் பக்கத்து மனிதர். தொண்டர்கள் பாடிக்கொண்டு நடந்த பாட்டை எழுதியவர் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை. தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், அந்தத் தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று அறிவித்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். கொடுத்தவர் யார் என்று தெரியாமல் போயிற்று, நடந்தவர் வயிறும் நிறைந்தது. இரண்டு வாரத்தில் வேதாரண்யம் போய்ச் சேர்ந்து, ஏப்ரல் 30 அன்று உப்பெடுத்தார்கள். அந்தப் பொட்டலங்கள் இல்லாமல் அந்த உப்பு இல்லை என்றுதான் நான் வகுப்பில் சொல்வேன்.

மஞ்சள் முடிச்சுக்கு வருகிறேன். வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால், மஞ்சள் தோய்த்த சின்னத் துணியில் ஒரு ரூபாய்க் காசை வைத்து, நோயாளியின் தலையைச் சுற்றி, பழனியாண்டவனையோ குலசாமியையோ நினைத்து முடிந்து சாமி படத்தடியில் வைப்பார்கள். உடம்பு தேறியதும் கோயிலுக்குக் கொண்டுபோய் உண்டியலில் சேர்ப்பார்கள். போக முடியாதவர்கள், நடந்து போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார்கள். நாங்கள் கிளம்புகிற நாள் காலையில் என் துணிப்பையில் இந்த முடிச்சுகள் சேர்ந்துவிடும். கெட்டியாக, ஒரு நெல்லிக்காய் அளவில் இருக்கும். மஞ்சள் விரலில் ஒட்டும். கொடுப்பவர் என்ன வேண்டுதல் என்று சொல்வதில்லை. வாங்குகிறவரும் கேட்பதில்லை. அது மரியாதை.

அமெரிக்காவில் 1998-இல் மார்பகப் புற்றுநோய்க்காக ஒரு மூன்று நாள் நடை தொடங்கியது. ஏவான் என்ற அழகுப்பொருள் நிறுவனத்தின் ஆதரவில், டான் பலோட்டா என்பவர் ஏற்பாடு செய்தது. சாண்டா பார்பராவில் புறப்பட்டு லாஸ் ஏஞ்சலிஸ் பக்கமாக 60 மைல், அதாவது 96 கிலோமீட்டர் அளவு. 2003-இலிருந்து சூசன் கோமன் அறக்கட்டளை இப்படியான மூன்று நாள் நடைகளைப் பல நகரங்களில் நடத்தியது. நடக்கிறவர் ஒவ்வொருவரும் குறைந்தது 2,300 டாலர் திரட்ட வேண்டியிருந்தது. சொந்தக்காரர், அக்கம்பக்கத்தார், கூட வேலை பார்ப்பவர் எல்லோரும் அவர் பெயரில் பணம் கொடுப்பார்கள். வழியில் தண்ணீர், காலில் கொப்புளம் வந்தால் மருந்து, இரவில் கூடாரம். இதைப் படித்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. நடக்க முடியாதவர் நடப்பவரிடம் காசு கொடுத்தனுப்புவது நாம் செய்து வந்ததுதான்.

ஒரு வேறுபாடு உண்டு, அதுதான் பெரிது. அங்கே நடக்கிறவர் நோயின் பெயரைச் சட்டையில் எழுதிக்கொண்டு நடக்கிறார். அக்காள் பெயரை, அம்மாவின் பெயரை முதுகில் எழுதிக்கொள்கிறார். நம் நோய் முடிச்சுக்குள் இருக்கிறது.

அந்த அறக்கட்டளை ஓர் அக்காளின் பெயரில் எழுந்தது. சூசன் கோமன் 1980-இல் 36 வயதில் மார்பகப் புற்றால் இறந்தார். தங்கை நான்சி பிரிங்கர் 1982-இல் அவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார். தமிழ்நாட்டில் அதற்கும் வெகு முன்னால் ஓர் அக்காள், தங்கைக்காக இதே வேலையைத் தொடங்கியிருந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரம்தான் கடைசியில் மருத்துவமனையாயிற்று. இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார். புற்றுநோய்க்காரர்கள் எப்படியும் சாகப்போகிறவர்கள்தானே, அவர்களுக்கு எதற்குத் தனி மருத்துவமனை என்ற பேச்சையெல்லாம் தாண்டி, 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அடுத்த ஆண்டு சேர்ந்த டாக்டர் வி. சாந்தா 2021 ஜனவரியில் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். பொதுமக்கள் நன்கொடையில் வளர்ந்த இடம் அது. எனக்கு அதுவும் ஒரு முடிச்சுதான், கொடுத்தவர்கள் நோயின் பெயரைச் சொல்லிக் கொடுத்த முடிச்சு.

இந்தியாவில் 2022-இல் மட்டும் ஏறக்குறைய 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்தது. பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதுவே முதலிடம். இவ்வளவு பேருக்கு வருகிற நோய்க்கு எங்கள் ஊரில் இன்னும் பெயர் கிடையாது. "அந்தக் கட்டி", "அந்த வியாதி" என்பார்கள்.

எனக்கு இடது அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்துவிட்டார்கள். அதனால் அந்தக் கையில் நீர் தேங்கும். காவடி எடுப்பதில்லை, பையை வலது தோளில்தான் மாட்டுவேன். மணிக்கணக்காகக் கையைத் தொங்கவிட்டு வெயிலில் நடந்தால் விரல்கள் தடித்துவிடும், புறங்கை பளபளவென்று இறுகும். அதனால் இறுக்கமான உறையைக் கையில் போட்டுக்கொண்டு, அவ்வப்போது கையைத் தூக்கித் தலைமேல் வைத்து, விரல்களை மூடி மூடித் திறந்தபடி நடப்பேன். கூட்டத்தில் இது கண்ணில் படாமல் இருக்காது. "ஏனுங் டீச்சர், கைய மேலயே வெச்சிருக்கறீங்க?" என்று கேட்பார்கள். மார்பகப் புற்றுநோய், ஒரு பக்கம் எடுத்துவிட்டார்கள் என்று வாய்விட்டுச் சொல்வேன். முதலில் அமைதியாகிவிடுவார்கள். பிறகு ராத்திரி மண்டபத்தில் எல்லோரும் படுத்தபின் ஒவ்வொருத்தராக வந்து பக்கத்தில் உட்காருவார்கள்.

முத்தூரில் ஒரு முறை அப்படித்தான் ஒரு வயசான அம்மா வந்தார். நடக்க வந்தவர் இல்லை, பந்தலில் எங்களுக்குச் சாதம் பரிமாறியவர். முந்தானையிலிருந்து ஒரு மஞ்சள் முடிச்சை எடுத்து என் கையில் வைத்தார்.

"அம்மிணி, இதை உண்டியல்ல போட்டுரு."

வாங்கிக்கொண்டேன். அவர் எழுந்திருக்கவில்லை. நான் அந்த மரியாதையை மீறிக் கேட்டேன். "எதுக்குங்க ஆத்தா இது?"

"மார்ல ஒரு கட்டி. வலியெல்லாம் இல்ல. ஆருகிட்டயும் சொல்லல கண்ணு. பையனுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவான்."

"வலி இல்லீங்கறதுக்காக விட்றக் கூடாதுங்க ஆத்தா. எனக்கும் வலிக்கல."

மறுநாள் என் குழுவை முன்னால் போகச் சொல்லிவிட்டு அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். செவிலியர் ஒரு மறைப்புக்குப் பின்னால் கூட்டிப்போய், விரல்களைத் தட்டையாக வைத்து, சிறு வட்டமாக, அக்குள்வரை அழுத்திப் பார்த்தார். கொஞ்ச நேர வேலை. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். வெள்ளக்கோவில் தாண்டித்தான் என் குழுவைப் பிடித்தேன்.

அந்தச் செவிலியரின் விரல்களில் என்ன இருக்கிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் அந்த நடை தொடங்கிய அதே 1998-இல், மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை ஓர் ஆய்வைத் தொடங்கியது. குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயதுவரை ஒன்றரை லட்சம் பெண்கள். பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் மார்பைப் பரிசோதித்தார்கள். மேமோகிராம் எதுவும் இல்லை. இருபது ஆண்டுப் பின்தொடர்தலின் முடிவுகள் 2021-இல் வெளிவந்தன. 50 வயதைக் கடந்த பெண்களிடையே மார்பகப் புற்றால் இறப்பது ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்திருந்தது. அதைவிட இளையவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. மண்டபத்தில் என் பக்கத்தில் வந்து உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் 50-ஐத் தாண்டியவர்கள்தான். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்தக் கைப்பரிசோதனை அரசு சுகாதார நிலையங்களில் காசில்லாமல் கிடைக்கிறது. அங்கே போகக் கூச்சப்படுகிறவர்கள் பழனிக்குக் கூச்சப்படாமல் வருகிறார்கள்.

ஆகவே பந்தலுக்கே அதைக் கொண்டுவர வேண்டும் என்பது என் எண்ணம். வழியில் மருத்துவ மேசைகள் ஏற்கெனவே இருக்கின்றன. கால்வலித் தைலம் தேய்க்கிறார்கள், ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், கொப்புளத்துக்குக் கட்டுப் போடுகிறார்கள். பெண்களுக்கு மட்டும் ஒரு மறைப்பு இல்லை. இந்த வருஷம் பந்தல் போடுகிற பெரியவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் துண்டை உதறி உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். "மண்டபத்துக்குப் பொறத்தால ஒரு ரூம் இருக்குதுங்க டீச்சர். தட்டி வெச்சு மறைச்சுக் குடுத்தர்றோம். நர்ஸம்மாவ நீங்க கூட்டியாந்துருங்க" என்றார். செவிலியரிடமும் பேசியாயிற்று. ஒரு கட்டில், கை கழுவக் குழாய், உள்ளே தாழ்ப்பாள், பேர் எழுத ஒரு நோட்டு போதும் என்கிறார். என்ன பரிசோதனை என்று பந்தல் வாசலில் பெரிய எழுத்தில் பலகை வைக்கலாமா என்று கேட்டேன். பெரியவர் யோசித்துவிட்டு, எழுதுகிறவனை அவரே வரச்சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.