எந்த நூறு பேர்?

வேலையற்றோர் நூற்றுக்கு இத்தனை பேர் என்று அரசாங்க அறிக்கைகள் கூறும்போது, எந்த நூறு பேரில் என்று நாம் கேட்பதில்லை. மக்களை எந்த எல்லைக்குள் நிறுத்தி எண்ணினர் என்பதைப் பொறுத்தே அக்கணக்குக் கூடும், குறையும். பிரித்தானியாவின் பிரதேசப் பொருளாதாரக் கொள்கையின் வரலாறு இதற்கு நல்ல சான்றாகும்.

1934ஆம் ஆண்டு. சுரங்கங்களும் கப்பல் கட்டுந் தளங்களும் முடங்கிக் கிடந்த வேளையில், 'நலிவுற்ற பிரதேசங்கள்' மசோதா பாராளுமன்றத்திற்கு வந்தது. பிரபுக்கள் சபைக்கு அப்பெயர் பிடிக்கவில்லை; 'விசேட பிரதேசங்கள்' என்று மாற்றிவிட்டனர். பசித்த வயிற்றுக்குப் பட்டுப் பெயர்! தென் வேல்ஸ், டைன் நதிக்கரையும் டர்ஹாமும், மேற்குக் கம்பர்லாந்து, ஸ்கொட்லாந்தின் தொழிற்பகுதி ஆகிய நான்கும் கோட்டுக்குள் வந்தன. ஆனால் அந்த ஸ்கொட்லாந்துப் பகுதியின் தலைநகர் போன்ற கிளாஸ்கோ வெளியே விடப்பட்டது. பருத்தித் தொழில் படுத்துவிட்ட லங்காஷயரும் வெளியேதான். உள்ளூராட்சி எல்லைகளைப் பின்பற்றி வரைந்த கோடு அது. தொழிலாளி எங்கே உறங்கினான், எங்கே உழைத்தான் என்பதை அது கேட்கவில்லை.

கோட்டுக்குள் இருந்தோர்க்கும் பெரிதாக ஒன்றும் கிட்டவில்லை. முதலில் ஒதுக்கிய தொகை 20 இலட்சம் பவுண். இலாபம் கருதும் தொழில்களுக்கு அதிலிருந்து உதவி வழங்க ஆணையாளருக்கு அதிகாரமில்லை. டைன் கரையிலுள்ள ஜாரோ நகரம் பாமர் கப்பற்றளத்தை நம்பியே வாழ்ந்தது. 1934இல் கப்பற்றொழில் முதலாளிகளின் கூட்டு நிறுவனம் அத்தளத்தை வாங்கி, நாற்பது ஆண்டுகளுக்கு அங்கே கப்பல் கட்டலாகாது என்று தடையும் விதித்தது. 1936 ஒக்டோபரில் அந்நகரின் இருநூறு ஆண்கள், தம் பாராளுமன்ற உறுப்பினர் எலன் வில்கின்சன் அம்மையாரின் ஆதரவுடன், ஏறத்தாழ 300 மைல் நடந்து இலண்டன் சேர்ந்தனர். பிரதமர் போல்ட்வின் அவர்களைச் சந்திக்க மறுத்தார். ஊர் திரும்பியோருக்கு இன்னுமோர் அதிர்ச்சி காத்திருந்தது: நடைபயணத்தில் இருந்த நாட்களில் அவர்கள் 'வேலைக்குத் தயாராக இருக்கவில்லை' என்று உதவிப்பணத்தில் வெட்டு விழுந்தது. வேலையே இல்லாத ஊரில் எந்த வேலைக்குத் தயாராக இருப்பது?

1960ஆம் ஆண்டுச் சட்டம் வேலைவாய்ப்புக் கந்தோரின் எல்லையையே அலகாகக் கொண்டது. வேலையின்மை நூற்றுக்கு நாலரையை எட்டினால் உதவி என்பது நடைமுறை. காய்ச்சல் தணிந்ததும் மருந்தை நிறுத்தும் வைத்தியம் இது. பட்டியலில் ஏறிய ஊர் சில காலத்தில் இறங்கிவிடும். எந்த முதலாளி அதை நம்பி ஆலை எழுப்புவான்? 1966இல் அம்முறையைக் கைவிட்டுப் பரந்த பிரதேசங்களுக்குத் திரும்பினர்.

பின்னர், மக்களின் அன்றாடப் பயணத்தையே அளவுகோலாக்கும் முறை வலுப்பெற்றது. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டைக் கொண்டு நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணித்த 322 பிரதேசங்கள் 1984இல் வெளிவந்தன. ஜாரோவிலிருந்து சில மைல் தூரத்திலேயே இக்கணிப்பு நடந்தது! ஒரு பிரதேசத்தில் வசிக்கும் தொழிலாளருள் முக்காற்பங்கினர் அங்கேயே வேலை செய்யவேண்டும். அங்கே வேலை செய்வோருள் முக்காற்பங்கினர் அங்கேயே வசிக்கவேண்டும். பெரும் பிரதேசங்களுக்கு இதைவிடச் சற்றுக் குறைந்த பங்கே போதும். இது நேர்மையான முறை என்பதே என் எண்ணம். பழைய கோடுகளைவிட உண்மைக்கு எவ்வளவோ நெருக்கமானது.

எனினும், கார் வைத்திருப்போர் தொலைதூரம் பயணஞ் செய்யச் செய்ய எல்லைகள் விரிகின்றன. 2011ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி 2015இல் வெளியான பிரதேசங்கள் 228 மட்டுமே. எல்லை விரியும்போது, ஒரு மூலையில் குவிந்த வறுமை சராசரிக்குள் கரைந்துவிடுகிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே கணித்தபோது, பெண்களின் பிரதேசங்கள் கூடுதலாகவும் சிறியனவாகவும் அமைந்தன. பாடசாலை விடுமுன் வீடு திரும்பவேண்டிய ஒரு தாய்க்கு, இருபது மைலுக்கு அப்பாலுள்ள தொழிற்சாலை அவள் பிரதேசத்தைச் சேர்ந்ததாகவே படத்தில் இருக்கிறது. காலை பஸ்ஸில் ஏறி அவள் அங்கே போய்ச்சேர முடியாது.