நட்சத்திர மக்னோலியா
நட்சத்திர மக்னோலியா (மக்னோலியா ஸ்டெல்லாட்டா) ஜப்பானின் ஹொன்ஷூ தீவில், ஐச்சி, கிஃபு, மியே மாநிலங்களின் ஈர நிலங்களில் இயற்கையாக வளரும் குறுமரம். நம் செண்பகமும் இதே பேரினத்தைச் சேர்ந்தது. மெதுவாக வளர்ந்து பெரும்பாலும் 2 முதல் 3 மீட்டர் உயரத்தில் நிற்பதால் சிறு தோட்டங்களுக்கு மிகவும் ஏற்றது.

இளவேனில் தொடக்கத்தில், இலை துளிர்க்கும் முன்பே, வெறுங்கிளைகளில் வெண்ணிறப் பூக்கள் மணத்துடன் மலரும். ஒரு பூவில் 12 முதல் 18 மெல்லிய இதழ்கள் இருக்கும். சிலவற்றில் இன்னும் கூடுதல். ‘ராயல் ஸ்டார்’ பெயர்பெற்ற தோட்ட வகை.

வளர்ப்பில் முதற்கவனம் வேருக்கு. சதைப்பற்றுள்ள வேர்கள் மேல்மண்ணிலேயே பரவுவதால் ஆழமாக நடக்கூடாது. மரத்தடியைக் கொத்தவும் கூடாது. களையைக் கையால் பிடுங்கி, இலைமக்கால் மூடாக்கு இடுவதே நல்லது. வேரூன்றிய மரத்தைப் பெயர்த்து நடுவதை அது எளிதில் தாங்காது. எனவே இடத்தை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். சற்றே அமிலத்தன்மையும் ஈரமும் உள்ள, நீர் தேங்காத மண் உகந்தது.

பின்பனி விழுந்தால் மலர்ந்த பூக்கள் ஒரே இரவில் பழுப்பாகிவிடும். குளிர்காற்று படாத இடம் வேண்டும். ஆனால் வெப்பம் மிகுந்த சுவரோரம் வேண்டாம், அங்கே மொட்டுகள் முந்தி விரிந்து பனியில் சிக்கும். அடுத்த ஆண்டுக்கான மொட்டுகள் கோடையிலேயே உருவாவதால், கிளை கழிப்பதைப் பூ முடிந்ததும் செய்துவிட வேண்டும்.

வாழிடம் குறைந்துவருவதால் காட்டு மரங்கள் அழியும் அபாயத்தில் உள்ளன.