இருவிழி ஆழப்பார்வை

இருவிழி ஆழப்பார்வை என்பது, இரு கண்களிலும் விழும் பிம்பங்களுக்கு இடையிலுள்ள சிறு வேறுபாட்டைக் கொண்டு மூளை ஆழத்தை உணரும் திறன். கண் மருத்துவத்திலும் பார்வை அறிவியலிலும் இது ஸ்டீரியாப்சிஸ் எனப்படும். வளர்ந்தவரின் கண்மணிகளுக்கு இடையே சராசரியாக 6.3 செ.மீ. இடைவெளி உண்டு. அதனால் ஒரே பொருளை இரு கண்களும் சற்றே வேறுபட்ட கோணங்களில் காண்கின்றன.

பொருள் வரம்பு

ஆழ உணர்வு முழுவதையும் இக்கலைச்சொல்லால் குறிப்பது பிழை. ஒரு பொருள் மற்றொன்றை மறைப்பது, தொலைவில் உருவம் சிறுப்பது, நிழல் விழுவது, தலையை அசைத்தால் அருகிலுள்ளவை விரைந்து நகர்வது ஆகியவை ஒற்றைக் கண்ணுக்கே ஆழத்தைக் காட்டும். ஒரு கண்ணை இழந்தவர் படி இறங்குவதும் சாலையைக் கடப்பதும் இவற்றின் துணையால்தான். இரு பிம்பங்களின் வேறுபாட்டிலிருந்து பிறக்கும் ஆழம் மட்டுமே ஸ்டீரியாப்சிஸ்.

வரலாறு

1838இல் சார்லஸ் வீட்ஸ்டோன் லண்டன் ராயல் கழகத்தில் ஸ்டீரியாப்சிஸை மெய்ப்பித்தார். இரு கண்ணாடிகள் கொண்ட கருவியில் இடக்கண்ணுக்கு ஒரு கோட்டோவியம், வலக்கண்ணுக்குச் சற்றே மாறிய இன்னொன்று என வைத்தார். தட்டையான கோடுகள் கனவடிவாக எழுந்தன. நிழலின் உதவி என்று எவரும் கருதிவிடாதபடி வெறும் கோடுகளையே அவர் பயன்படுத்தினார். டேவிட் புரூஸ்டர் வடிவமைத்த வில்லைக் கருவி 1851இல் லண்டன் பெருங்கண்காட்சியில் இடம்பெற்றபின் இரட்டைப்படங்கள் வீடுகளுக்குள் நுழைந்தன. சென்னை அரசின் ஒளிப்படக்காரரான லின்னேயஸ் ட்ரைப், 1858இல் மதுரை, திருச்சி, தஞ்சாவூர்க் காட்சிகளை இம்முறையிலும் பதிவுசெய்தார்.

உருவத்தை அடையாளம் கண்ட பிறகே மூளை ஆழத்தைக் கணிக்கிறது என்ற கருத்தை 1960இல் பேலா யூலெஷ் தகர்த்தார். தனித்தனியே பார்த்தால் எந்த உருவமும் தெரியாத புள்ளிக் குவியல்கள், இரு கண்களாலும் சேர்த்துப் பார்த்தபோது ஒரு சதுரத்தை மிதக்கவிட்டன. 1967இல் பார்லோ, பிளேக்மோர், பெட்டிக்ரூ ஆகியோர் இரு பிம்பங்களின் வேறுபாட்டுக்கு எதிர்வினை காட்டும் நரம்பணுக்களைப் பூனையின் மூளையில் கண்டறிந்தனர்.

இந்த ஆய்வில் சென்னைக்கும் பங்கு உண்டு. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன், வி. எம். ராவ், டி. ஆர். வித்யாசாகர் ஆகியோருடன் சேர்ந்து, ஸ்டீரியாப்சிஸில் எல்லைக்கோடுகளின் பங்கு பற்றி 1973இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். 1988இல் அவர் நிழலிலிருந்து வடிவம் உணரப்படுவதை ஆராய்ந்தார். ஒளி மேலிருந்து வருவதாகவே மூளை எடுத்துக்கொள்கிறது என்று காட்டினார். இரு கண்ணின் ஆழம், ஒரு கண்ணின் ஆழம் இரண்டையும் தொட்ட ஆய்வுப் பயணம் அது.

அளவும் தோட்டத் தொழிலும்

ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு ஒரு விகலை. மருத்துவச் சோதனைகளில் 40 விகலை வேறுபாட்டை உணர்வது நல்ல பார்வையாகக் கொள்ளப்படுகிறது. இதன்படி கணக்கிட்டால், அரை மீட்டர் தொலைவில் முக்கால் மில்லிமீட்டர் ஆழமும் புலப்படும். 5 மீட்டரில் ஏறத்தாழ 8 செ.மீ., 10 மீட்டரில் 30 செ.மீ. ஆழம் இருந்தால்தான் தெரியும். தொலைவு இரட்டித்தால் நுட்பம் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது.

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், அம்பாங் பெச்சா முதல் கோல சிலாங்கூர் வரையிலான தோட்டப்புறத்தில் தமிழர் செய்த இரு தொழில்களுக்கு இக்கணக்கு பொருந்தும். முதலாவது, பால்மரம் எனப்படும் ரப்பர் மரம் வெட்டுவது. அதை வெட்டுபவர் பட்டையைச் சீவும்போது, உள்ளிருக்கும் வளர்படலத்துக்கு மேல் சுமார் 1 மி.மீ. விட்டுவைக்க வேண்டும். உளி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். கைக்கெட்டும் தொலைவில் நடக்கும் இவ்வேலை இருவிழி ஆழப்பார்வையின் கூர்மையான எல்லைக்குள் வருகிறது. இரண்டாவது, செம்பனைக் குலை அறுப்பது. கோல சிலாங்கூர் வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் மலாயாவின் வணிகச் செம்பனைப் பயிர் தொடங்கியது. உயர்ந்த மரத்தின் குலையை நீண்ட கம்பில் பூட்டிய அரிவாளால் அறுப்பவருக்கு அத்தொலைவில் இத்திறன் குறைவாகவே உதவும். மட்டைகள் ஒன்றையொன்று மறைப்பது, நகரும்போது காட்சி மாறுவது, பழகிய கை ஆகியவையே அங்கு வழிகாட்டுகின்றன. தோட்டத் தொழிலைத் திறனற்ற உடலுழைப்பு என்று ஒதுக்குவது எவ்வளவு தவறு என்பதை இந்த அளவுகளே சொல்லும்.

வளர்ச்சியும் மருத்துவமும்

பிறந்த குழந்தைக்கு இத்திறன் இல்லை; சுமார் 3 முதல் 5 மாதங்களில் அது தோன்றுகிறது. அதற்கு இரு கண்களும் ஒரே இடத்தை நோக்கிப் பழக வேண்டும். மாறுகண்ணும் சோம்பேறிக் கண்ணும் இப்பழக்கத்தைத் தடுக்கின்றன. இளம்பருவ அனுபவம் பார்வை நரம்புகளை உருவாக்குவதை விலங்குகளில் நிறுவிய ஹியூபல், வீசல் இருவரும் 1981இல் நோபல் பரிசு பெற்றனர். குழந்தைகளைச் சோதிக்க ஈயின் இரட்டைப்படமும் முனைவாக்கக் கண்ணாடியும் பயன்படுகின்றன. ஆழம் தெரியும் குழந்தை, காகிதத்துக்கு மேலே வெற்றிடத்தில் சிறகைப் பிடிக்க விரலை நீட்டும்.

சிறுவயது முதல் மாறுகண் கொண்டிருந்த அமெரிக்க நரம்பியலாளர் சூசன் பாரி, பயிற்சியால் தம் 48ஆம் வயதில் இத்திறனைப் பெற்று, 2009இல் அதை நூலாக எழுதினார். வளர்ந்தபின் வாய்ப்பு முற்றிலும் அடைபடுவதில்லை என்று அவர் அனுபவம் காட்டுகிறது. ஆயினும் இளமையில் தொடங்கும் சிகிச்சைக்கே பலன் அதிகம். மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லிக் காத்திருக்கும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. அப்படிக் கழியும் ஒவ்வோர் ஆண்டும் குழந்தையின் ஆழப்பார்வைக்கு இழப்பு. நான்கு மாதம் கடந்தும் கண் விலகியே நின்றால் கண் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.