நடுவில் மொட்டை, ஓரத்தில் முடி: ஸ்போர்ட் டயரின் கதை

நண்பர் ஒருவரின் பைக் டயரைப் பார்த்துக் கொஞ்சம் அதிர்ந்துவிட்டேன். பின் டயரின் நடுப்பகுதி மேஜை மாதிரித் தட்டையாகத் தேய்ந்திருந்தது. ஓரங்களில், புது டயரில் நீட்டிக்கொண்டிருக்குமே ரப்பர் முடி, அது இன்னும் உதிரவேயில்லை. ரேஸ் டிராக்கை மனதில் வைத்துச் செய்த மென்மையான டயர். அதை மாட்டிக்கொண்டு அவர் தினமும் போனது ஆபீசுக்கு. மழை பெய்த ஒரு காலையில், கிளம்பி இரண்டாவது திருப்பத்திலேயே வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. "இவ்வளவு காசு கொடுத்து வாங்கின டயர் எப்படிங்க வழுக்கும்?" என்கிறார். பதில் தேடினால் பழைய கதைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

காற்றடைத்த டயருக்கு 1845-லேயே ராபர்ட் தாம்சன் காப்புரிமை வாங்கிவிட்டார். அது யாருக்கும் பயன்படாமல் மறந்துபோனது. பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக மறுபடி அதையே செய்து 1888-ல் காப்புரிமை பெற்றார். அந்தக்கால டயர்கள் வெளிறிய நிறம். பிறகு கரித்தூள் கலந்ததும் ரப்பரின் ஆயுள் பல மடங்கு கூடியது, நிறமும் கறுப்பானது.

ஆனால் அடிப்படைச் சண்டை தீரவில்லை. மென்மையான ரப்பர் தார் ரோட்டின் பொடிப்பொடி மேடுபள்ளங்களுக்குள் அழுந்திப் பிடிக்கும், ஆனா சீக்கிரம் தேயும். கடினமான ரப்பர் உழைக்கும், ஆனா பிடிப்பு குறைவு.

1970-களில் ரேஸ்காரர்கள் பட்டனே இல்லாத ஸ்லிக் டயர்களுக்கு மாறினார்கள். எஞ்சினின் பலம் டயரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. 1975-ல் டேடோனாவில் பேரி ஷீனின் பின் டயர், மணிக்கு 270 கி.மீ.க்கு மேல் போகும்போது பழுதானது. தொடை எலும்பு உட்படப் பல எலும்புகள் முறிந்தன. மனுஷன் ஏழே வாரத்தில் மறுபடி ரேஸுக்கு வந்துவிட்டார் என்பது வேறு கதை.

பழைய டயர்களில் நூலிழை அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றோடொன்று உரசிச் சூடாகும். ரேடியலில் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும். மேலே ஒரு பெல்ட் இறுக்கிப் பிடிக்கும். உரசல் குறைவதால் வேகத்தில் சூடும் குறைவு. 1983-ல் பைரெல்லியின் எம்பி7 வழியாக ரேடியல் ரோட்டு பைக்குகளுக்கு வந்தது. கார் டயரில் 1992-ல் மிஷெலின் கொண்டுவந்த சிலிக்கா கலவையும் பின்னால் பைக்குக்கு வந்து, ஈரத்திலும் குளிரிலும் பிடிப்பைக் கூட்டியது. 2005-ல் அதே மிஷெலினின் பைலட் பவர் 2சிடி வந்தது. நடுவில் ஒரு ரப்பர், ஓரங்களில் அதைவிட மென்மையான ரப்பர். நேராக ஓட்டும்போது தேய்வது நடு, சாயும்போது பிடிக்க வேண்டியது ஓரம் என்ற எளிய கணக்கு.

நம்ம ஊரில் 2011-ல் யமஹா ஆர்15-இன் இரண்டாம் பதிப்பு பின்னால் ரேடியலோடு வந்தது. 2013-ல் கேடிஎம் டியூக் 390 மெட்ஸலர் ஸ்போர்ட் டயர்களோடு வந்தது. அதன்பிறகுதான் டீக்கடையிலும் டயர் பேச்சு சூடு பிடித்தது.

இப்போ நண்பரின் கேள்விக்கு வருவோம். ரேஸ் ரப்பர் சூடானால்தான் வேலை செய்யும். அதனால்தான் டிராக்கில் கிளம்பும் முன்பே மின்சாரப் போர்வை சுற்றி 80 டிகிரி அளவுக்குச் சூடேற்றுகிறார்கள். சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் ஆபீஸ் வண்டியில் அந்தச் சூடு வராது. மழை நாளில் கேட்கவே வேண்டாம். அந்த டயரில் தண்ணீரை வெளியேற்றும் பள்ளங்களும் குறைவு. இருந்ததும் நடுவில் தேய்ந்துபோச்சு. வட்டமாக இருக்க வேண்டிய டயர் தட்டையானால், வண்டியைச் சாய்க்கும்போது ஒரு விளிம்பைத் தாண்டி விழுவது போலத்தான் இருக்கும்.

கட்டுப் பிரித்த பிறகு அவர் ஸ்போர்ட் டூரிங் டயர் மாட்டியிருக்கிறார். பார்க்க அவ்வளவு கெத்தா இல்லையாம். முதல் சில கிலோமீட்டர் மெதுவாகத்தான் போகிறார்.

நீங்களும் இன்று இறங்கி, பின் டயரின் குறுக்கே ஒருமுறை உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வளைவு தெரிகிறதா, மேஜை தெரிகிறதா?