பள்ளிக்குப் பின் பட்டறை: அருட்தந்தை அரிஸ்மெந்தியாரியெத்தாவும் தொழிலாளர் கூட்டுறவும்

தொழிலாளர் நலனுக்கு உழைத்த சமயக் குருமார் என்றதும், வேலைநிறுத்தப் பந்தலில் நின்று குரல் கொடுத்தவர்களும் பசித்தோர்க்கு உணவளித்தவர்களுமே நம் நினைவில் முதலில் எழுவர். ஸ்பெயின் நாட்டின் பாஸ்க்குப் பகுதியில் வாழ்ந்த கத்தோலிக்கக் குரு ஹொசே மரியா அரிஸ்மெந்தியாரியெத்தா இவ்விரு வகையிலும் அடங்காதவர். உழைப்போரிடம் கல்வியும் உடைமையும் சேராதிருப்பதே அநீதியின் வேர் என்று அவர் கருதினார். அவ்விரண்டனுள் கல்வியையே முதலிற் சேர்த்தார். அம்முறை தந்த பயனையும் அதன் எல்லையையும் இவ்வுரையில் ஆராய்வோம்.

1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் மார்க்கினா என்னும் ஊரில் ஓர் உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். மூன்று வயதில் நேர்ந்த விபத்தில் இடக்கண் பார்வையை இழந்தார். பன்னிரண்டு வயதில் குருமடம் புகுந்தார். 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, கண் குறையின் காரணமாகப் போர்முனைக்கு அனுப்பப்படாமல் ‘எகுனா’ என்னும் நாளிதழில் எழுதும் பணியில் அமர்ந்தார். முழுவதும் பாஸ்க்கு மொழியிலேயே வெளிவந்த முதல் நாளிதழ் அது. 1937இல் தொடங்கிய அவ்விதழ், அதே ஆண்டில் பில்பாவோ நகர் பிராங்கோவின் படையிடம் வீழ்ந்ததும் நின்றுபோயிற்று. அரிஸ்மெந்தியாரியெத்தா சிறைப்பட்டார். தொழில் யாது எனக் கேட்டபோது, இதழாளர் என்னாது படைவீரர் என்று விடையளித்தமையாலேயே அவர் உயிர் தப்பினார் என்பர். பின்வந்த ஆட்சியில் பாஸ்க்கு மொழி பள்ளியிலும் பொதுவாழ்விலும் ஒடுக்கப்பட்டது. மொழிக்கென இயங்கும் ஓர் அவையில் நாம் அவரை நினைவுகூர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

குருப்பட்டம் பெற்றபின் பெல்ஜியம் நாட்டின் லூவேன் நகரில் சமூகவியல் பயில அவர் விரும்பினார். ஆயரோ 1941 பிப்ரவரியில் அவரை மோந்திராகோன் என்னும் சிறிய தொழில் ஊருக்கு உதவிப் பங்குத்தந்தையாக அனுப்பினார். போரின் காயம் ஆறாத ஊர் அது. அங்கிருந்த பங்குத்தந்தை 1936இல் பிராங்கோ தரப்பினராற் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். புதிய குரு சொல்வன்மை மிக்கவர் அல்லர். ஏற்ற இறக்கமற்ற குரலில் அவர் ஆற்றிய மறையுரைகள் கேட்போரைக் கவரவில்லை.

ஊரின் பெரும் வேலைவாய்ப்பு, பூட்டும் எஃகுப் பொருள்களும் செய்த ஊனியோன் செர்ராஹேரா ஆலையிடம் இருந்தது. அவ்வாலை நடத்திய தொழிற்பயிற்சிப் பள்ளியில் அங்குப் பணிபுரிவோரின் பிள்ளைகளுக்கே இடம் கிடைத்தது. ஊரார் எல்லார்க்கும் அதனைத் திறந்துவிடுமாறு அரிஸ்மெந்தியாரியெத்தா வேண்டினார், ஆலை இசையவில்லை. எனவே அவர் ஊராரிடமே சென்றார். புதிய பள்ளிக்குப் பொருளாலோ உழைப்பாலோ உதவ விரும்புவோர் எழுதி இடுமாறு தெருமுனைகளில் பெட்டிகள் வைக்கப்பட்டன. ஏறத்தாழ 600 பேர் எழுதி இட்டனர். 1943இல் 20 மாணவருடன் பள்ளி தொடங்கியது.

அம்மாணவருள் பதினொருவர், பகலில் ஆலையில் வேலைசெய்துகொண்டே, சரகோசாவிலிருந்த கல்லூரியில் வெளித்தேர்வர்களாகப் பதிந்து 1952இல் பொறியியல் பட்டயம் பெற்றனர். அவர்களிற் சிலர் ஆலையில் பொறுப்புகளுக்கு உயர்ந்து, தொழிலாளரும் ஆலையின் முதலீட்டில் பங்குகொள்ள வழி வேண்டும் என வாதிட்டனர். அது மறுக்கப்பட்டது. ஐவர் வெளியேறினர். அவர்தம் பெயர்களின் எழுத்துகளைக் கோத்து ‘உல்கோர்’ எனப் பெயரிட்ட பட்டறை 1956இல் மோந்திராகோனில் மண்ணெண்ணெய் அடுப்புகளைச் செய்யத் தொடங்கியது. பள்ளிக்கும் பட்டறைக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன என்பதை நாம் கருத வேண்டும். அவ்வளவு காலமும் அந்தக் குரு கற்பித்துக்கொண்டே இருந்தார்.

உல்கோரின் நெறிகள் எளியவை. உறுப்பினர் ஒவ்வொருவரும் முதலீடு செலுத்தவேண்டும். முதலீடு எவ்வளவாயினும் ஒருவர்க்கு ஒரு வாக்கே. மிக உயர்ந்த ஊதியம் மிகக் குறைந்த ஊதியத்தின் மூன்று மடங்கைத் தாண்டலாகாது. ஈட்டிய உபரியில் ஒரு பகுதி பொதுச் சேமநிதிக்கும் ஊர்ப்பணிக்கும் சேரும். எஞ்சியது உறுப்பினர் கணக்கில் நின்று தொழிலுக்கே முதலாகும். கூட்டுறவு உறுப்பினரைத் தொழிலாளராகக் கொள்ளாமல் உடைமையாளராகவே கொண்ட அரசு, சமூகக் காப்பீட்டிலிருந்து அவர்களை விலக்கியது. ஆதலின் மருத்துவத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் ‘லகுன் அரோ’ என்னும் அமைப்பைத் தாமே நிறுவினர். 1959இல் ‘காஹா லபொரால்’ என்னும் தொழிலாளர் வங்கி பிறந்தது. அடுப்பு செய்வோர்க்கு வங்கி எதற்கு என்று உல்கோரின் நிறுவனர்களே தயங்கியபோது, அவர்களை வற்புறுத்தி ஆவணங்களை ஆயத்தம் செய்தவர் அரிஸ்மெந்தியாரியெத்தாவே. மக்களின் சிறுசேமிப்பு அவ்வங்கி வழியாகப் புதிய கூட்டுறவுத் தொழில்களுக்கு முதலாயிற்று. மாணவர் அரைநாள் உழைத்து அரைநாள் கற்கும் ‘அலேகோப்’ கூட்டுறவு 1966இல் அமைந்தது. இத்தனைக்கும் இடையில் கூட்டுறவு எதிலும் அவர் நிர்வாகப் பதவி ஏற்கவில்லை. பங்குக் குருவாகவே மிதிவண்டியில் ஊரைச் சுற்றினார்.

இவ்வரலாற்றின் கசப்பான பக்கத்தையும் மறைத்தல் தகாது. 1974இல் பணி மதிப்பீட்டு முறையை எதிர்த்து உல்கோரிலேயே வேலைநிறுத்தம் எழுந்தது. முன்னின்ற 17 பேர் நீக்கப்பட்டனர்; மீண்டும் சேர அவர்களுக்கு வழி பிறக்கச் சில ஆண்டுகள் ஆயின. தொழிலாளரே உடைமையாளராகிய இடத்தில் தொழிலாளரின் குறையை யாரிடம் முறையிடுவது என்னும் வினா அன்று எழுந்தது. 1976 நவம்பர் 29ஆம் நாள் அரிஸ்மெந்தியாரியெத்தா காலமானார். உல்கோரின் வழிவந்த ஃபாகோர் வீட்டுச் சாதன நிறுவனம் 2013இல் நொடித்தது. அதன் உறுப்பினர் பலர்க்குப் பிற கூட்டுறவுகள் வேலையளித்தன. ஆயினும் அவர்கள் இட்ட முதல் கரைந்துபோயிற்று. அயல்நாட்டுக் கிளை ஆலைகளில் உழைப்போர் பலர் உறுப்பினர் அல்லர் என்பதும் இன்றுவரை தீராத குறை.

ஆயினும் அந்த 20 மாணவரின் பள்ளி 1997இல் மோந்திராகோன் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. அவ்வூரின் பெயர் தாங்கிய கூட்டுறவுக் குழுமத்தில் இன்று ஏறத்தாழ 70,000 பேர் பணிபுரிகின்றனர். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் அரிஸ்மெந்தியாரியெத்தாவை வணக்கத்துக்குரியவர் நிலைக்கு உயர்த்தினார்.

மறையுரையாற் கவர இயலாத ஒருவர் வகுப்பறையால் ஓர் ஊரின் நிலையை மாற்றினார். நீதியைத் தாமே நடத்தப் பழகியோர் அதில் தவறவும் கூடும் என்பதை 1974 காட்டியது. அத்தவற்றைப் பேசித் திருத்திக்கொள்ளும் உரிமை அவர்கள் கையிலேயே இருந்தது. அவ்வுரிமைக்கு அவர்களை ஆயத்தம் செய்ததே அவரது அறப்பணி என்று நாம் கொள்கிறோம்.