இலத்திரனுக்கு முன்பணம் கட்டும் தண்ணீர்

லொங்குய்யில் மஞ்சள் வழி மெற்றோ ஏறி, ஆற்றைக் கடந்து பச்சை வழிக்கு மாறினால் சற்று நேரத்தில் மக்கில் பல்கலைக்கழகம் வந்துவிடும். 1920களில் அதன் வளவில் ஒரு தாய் தன் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து உலாவுவார். ஒருநாள் நீ இங்கேதான் படிப்பாய் என்று அவனுக்குச் சொல்லுவாராம். அந்தப் பிள்ளை, 1923இல் மொன்றியலில் பிறந்த றுடோல்ப் மார்க்கஸ். மக்கிலிலேயே 1946இல் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கதிரியக்கச் சமதானிகள் தாராளமாகக் கிடைத்தன. அவற்றைக் கொண்டு, நீரில் ஓர் இரும்பு அயனிலிருந்து இன்னோர் இரும்பு அயனுக்கு இலத்திரன் தாவும் வேகத்தை அளந்தார்கள். இரு பக்கமும் ஒரே உலோகம். எந்தப் பிணைப்பும் உடைவதில்லை. அப்படியிருந்தும் ஏன் தாமதம்?

இலத்திரன் கண நேரத்தில் தாவிவிடும், சுற்றியுள்ள கனமான நீர் மூலக்கூறுகள் அதற்கு ஈடுகொடுக்கமாட்டா என்று 1952இல் லிபி எழுதினார். அதை வாசித்த மார்க்கஸ், அப்படித் தாவினால் சக்திக் கணக்கு சரிவராது என்று கண்டார். 1956இல் விடையை வெளியிட்டார்: தாவலுக்கு முன்பே நீர் மூலக்கூறுகள் இரு பக்கத்துக்கும் பொருந்தும்படி ஒழுங்காக வேண்டும்.

வர்த்தகம் படித்த எனக்கு இது முன்பணம் கட்டுவதுபோல. ஒரே உலோக அயன்களுக்கிடையில் என்றால், முழு ஒழுங்கமைப்புச் சக்தியில் கால்பங்கு முதலில் சேரவேண்டும். அதைத் தருவது வெப்பத்தால் மூலக்கூறுகள் அசையும் அசைவு. குளிர்ந்தால் பணம் சேரத் தாமதமாகும். கரைப்பானை மாற்றினால் தொகையே மாறும்: நீர் போன்ற முனைவுள்ள கரைப்பானில் கூட, எண்ணெய்த் தன்மையானவற்றில் குறைவு.

1960இல் அவர் சொன்னதைத்தான் பலர் நம்பவில்லை. தாவலுக்கான உந்துதல் ஓர் எல்லையைத் தாண்டினால் வேகம் கூடாது, குறையும் என்றார். பரிசோதனைகளில் அது நெடுங்காலம் அகப்படவில்லை. 1984இல் அமெரிக்காவில் மில்லர், கல்காற்றெறா, குளோஸ் ஆகியோர் அதைத் தெளிவாகக் காட்டினார்கள். 24 வருடக் காத்திருப்பு! 1992இல் இரசாயனவியல் நோபல் பரிசு மார்க்கஸ் ஒருவருக்கே கிடைத்தது.

பச்சை இலையில் ஒளி பிரித்தெடுத்த இலத்திரன், வந்த வழியே உடனே திரும்பி வீணாகாமலிருக்க அந்த விதியும் ஒரு காரணம் என்கிறார்கள். அடுத்த முறை மக்கில் பக்கம் போகும்போது பிள்ளைகளுக்கு இவரைப் பற்றிச் சொல்லுங்கள்.